இரட்டைப் பனைப் பாட்டு

ஸ்காபரோ
3.11.2002

அன்புள்ள தங்கச்சி மாக்கிறேற்றுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் சுகந்தியும் இங்கே சுகம். நீயும் மருமகள் அஞ்சலாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். அப்புவின் கண் எப்படி? இன்னும் கரைக்குப் போய்வருகிறாரா? நான் கேட்டதாக அவரிடம் சொல்லாதே. என் பேரைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

ஒரு புதினம். நம்முடைய பாட்டுக்கு வருகிற ஆனியோடு முப்பது வயது. இங்கே இளந்தாரிகள் அதற்குக் கொம்பியூட்டர் மேளம் போட்டு, கலியாண வீட்டுக்குக் கலியாண வீடு அடிக்கிறார்கள். வானொலியில் வேலை செய்கிற வசீகரன் என்ற பொடியன், பாட்டுப் பிறந்த கதையை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் செய்யப்போகிறானாம். வைகாசி முடிந்து முதல் ஞாயிறு ஒலிபரப்பு. கொழும்பு வானொலி ஒன்றும் அதே நாளில் போடுமாம்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவுடனே அவன் கேட்டான்: "அண்ணை, ஆரை நினைச்சு எழுதினீங்கள்?" வழக்கம்போலச் சுகந்தியைக் காட்டினேன். அவளும் வழக்கம்போல வெட்கப்பட்டாள். பிறகு கேட்டான்: "அந்தக் கோயில் எது? பனை எது? ஏன் அவ்வளவு துல்லியமா இடம் சொல்லியிருக்கிறீங்கள்?" தேத்தண்ணி போடப்போகிறேன் என்று எழும்பிவிட்டேன்.

மாதா கோயில் சிலுவை மேலே
இரட்டைப் பனை எழும்பும் மச்சாள்
கோட்டை மதில் மூலையிலே
ஒற்றைப் புளி தெரியும் மச்சாள்
இரண்டும் சேரக் காணும் இடம்
என்னைத் தேடி வா மச்சாள்

நீ எழுதித் தந்த கொப்பியில் 'மச்சான்' என்றிருந்தது. பாடுகிறவன் ஆம்பிளை என்பதால் நான் 'மச்சாள்' ஆக்கினேன். என் வேலை அவ்வளவுதான். மெட்டும் என்னுடையதில்லை, வலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாவைக் கொஞ்சம் துள்ளவிட்டு, இரவல் கிற்றாரில் மூன்று சுரம் சேர்த்தேன். பத்தொன்பது வயதுக் குமர்ப்பிள்ளை காதல் பாட்டு எழுதினாள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, 'சொல்லும் இசையும் அமலதாஸ்' என்று எழுதிக் கொழும்பு வானொலிக்கு அனுப்பினேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. மேடையில் ஏறி அடுத்தவளின் சொல்லுக்குப் பொன்னாடை வாங்கக் கூசுகிறது. எழுதியது நீ என்று சொல்லப்போகிறேன். உன் சம்மதம் வேண்டும். தொலைபேசியில் கதைக்க வேண்டாம், கொமினிக்கேசன் கடையில் பத்துக் காது இருக்கும். கடிதத்தில் எழுது.

அன்புடன்
அண்ணன் அமலதாஸ்


யேசு மரி சூசை துணை

நெடுந்தீவு
20.12.2002

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மச்சாளுக்கும் உங்களுக்கும் நத்தார் வாழ்த்துகள்.

அப்புவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. முகம் தெரியாது, நிறம் மட்டும் கொஞ்சம் தெரியும். ஆனாலும் விடியச் சாமத்தில் எழும்பிக் கரைக்குப் போய், காற்றை மணந்து பார்த்து, எந்த வள்ளத்துக்கு என்ன படும் என்று சொல்லுவார். இப்போது நேவிக்காரர் பாஸ் கொடுக்கிறார்கள். காலமை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்குள் திரும்பவேணும். முந்தி அதுவுமில்லை.

வருகிற மாதம் இவர் சில்வெஸ்ரர் மோசம்போய் ஐந்து வருஷம். பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சலோடு மூன்று நாள் கிடந்தார். யாழ்ப்பாணம் கொண்டுபோகக் கடற்பாதை திறக்கவில்லை. அதை நினைத்தால் கை எழுத ஓடாது. அஞ்சலா படிக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், உங்களைப் போல.

ஆடு இரண்டு குட்டி போட்டது. கிணறு இந்த வருஷம் உவர்க்கவில்லை. இங்கே நல்ல மழை. உங்கள் கடிதம் நனைந்து வந்ததால் சில இடங்கள் வாசிக்க முடியவில்லை.

உங்கள் அன்புத் தங்கை
மாக்கிறேற்


ஸ்காபரோ
19.1.2003

அன்புள்ள மாக்கிறேற்றுக்கு,

நாங்கள் சுகம். சில்வெஸ்ரரின் பூசைக்கு இங்கேயும் காணிக்கை போட்டோம். நல்ல மனுசன். என்னோடு ஒருநாளும் கோபிக்காதவன்.

மழை என்று எழுதியது பச்சைப் பொய். நான் எழுதினது போல்பொயின்ற் பேனையால். அது நனைந்தாலும் அழியாது. நான்கு பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்கு இடமிருந்தது, எனக்கு ஒரு வரி இல்லை.

சரி, நானே சொல்கிறேன். பாட்டில் இருக்கிற அந்தக் கடல் குறி நம்முடைய பூட்டன் காலத்தது. சிலுவைமேல் இரட்டைப் பனையும், மதில் மூலையில் ஒற்றைப் புளியும் ஒரே நேரத்தில் தெரிகிற இடத்துக்குக் கீழேதான் மீன் தங்குகிற கல்லுத் திட்டு, அந்தக் கற்பார் கிடக்கிறது. தகப்பன் மகனுக்குச் சொல்லவேணும், அதுவும் கடலில் வைத்துத்தான் சொல்லவேணும், தரையில் வாய் திறக்கக்கூடாது. அப்பு எனக்குப் பதினைந்து வயதில் சொல்லித் தந்தார். எனக்கு மண்டையில் நிற்கவில்லை. குசினிக்குள் உன்னை இருத்தி வைத்துப் பாடமாக்கினேன். எனக்கு முன்னம் உனக்குப் பாடமாகிவிட்டது. அந்தப் பிழை என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை.

பாட்டு வானொலியில் வந்தது. பெட்டைகள் அதைக் காதல் பாட்டு என்று கேட்டார்கள். தொழிலுக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் குறி என்று கேட்டான். மூன்று மாதத்தில் ஏழு ஊர் வள்ளம் வந்து கற்பாரை வழித்துத் துடைத்தது. அப்பு என் கிற்றாரைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, "என்ர கடலை வித்தவன் என்ர வீட்டில படுக்கேலாது" என்றார். நீ குசினி வாசலில் நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்தாய்.

நான் வாய் திறக்கவில்லை. நீ குமர், நான் ஆம்பிளை, எங்கேயும் போய்ப் பிழைப்பேன் என்று நினைத்தேன். அதன் பிறகு இருபத்தொன்பது வருஷமாக அப்புவின் ஒரு சொல் எனக்கு வந்ததில்லை. அம்மா செத்ததற்குக்கூட நீதான் எழுதினாய்.

அவருக்கு எண்பத்தொன்று. அவர் சாகமுதல் நான் கடலை விற்றவனில்லை என்று அறியவேணும். உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். சொல்லட்டா, வேண்டாமா?

அமலதாஸ்


யேசு மரி சூசை துணை

நெடுந்தீவு
25.2.2003

அண்ணைக்கு,

சுகம். அப்புவும் சுகம்.

வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள், ஆனபடியால் எழுதுகிறேன். அஞ்சலா பள்ளிக்கூடம் போய்விட்டாள். அப்பு கரையில். இதை எழுதி முடித்து, இன்றைக்கே தபாலில் போடவேணும்.

பாட்டில் குறி வந்தது எதுகைக்காக என்றுதான் நீங்கள் இவ்வளவு காலமும் நினைக்கிறீர்கள். இல்லை. நான் தெரிந்துதான் வைத்தேன். சில்வெஸ்ரருக்காக வைத்தேன். அவர் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர், குறி சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கடலுக்குப் போய்ப் பாசியோடு திரும்புவார். பெண் கேட்டு வந்த மாமியிடம் அப்பு சொன்னது நினைவிருக்கா? "வெறும் வள்ளத்தோட வாறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கேலாது." நேரே போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை. குமர்ப்பிள்ளையைக் கரைப்பக்கம் யார் விட்டது? பெருநாளுக்கு நீங்கள் பாடப்போகிறீர்கள் என்றீர்கள். அவர் சனத்துக்குள் நிற்பார், கேட்பார், விளங்கிக்கொள்வார், மற்றவர்கள் ஒருதரம் கேட்டு மறந்துபோவார்கள் என்று நினைத்து எழுதித் தந்தேன்.

கோயில் பெருநாளில் ஒருதரம் பாடத்தான் தந்தேன், அண்ணை. கொழும்புக்கு அனுப்பச் சொல்லித் தரவில்லை. ஒருத்தனுக்குச் சொன்னதை நாட்டுக்கே சொன்னது நீங்கள். உங்கள் பேர் வானொலியில் வரவேணும் என்ற ஆசை அது. நானும் இதை இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லவில்லை.

இவர் பாட்டைக் கேட்டார். விளங்கிக்கொண்டார். மற்றவர்கள் வரமுதல் இரண்டு மாதம் அங்கே வலை போட்டார். நிறைந்த வள்ளத்தோடு வந்தார். அப்பு பெண் தந்தார். "இவன் கையில மீன் இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உங்களைத் துரத்திய பிறகு இவரைத்தான் மகன் என்றார். இவர் செத்தபோது அப்பு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இப்போது அப்புவிடம் என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? உங்கள் மருமகன் உங்கள் கடலில் களவெடுத்துத்தான் உங்கள் மகளைக் கட்டினான் என்றா? மண்ணுக்குள் கிடக்கிற மனுசனால் மறுமொழி சொல்ல ஏலாது.

உங்களுக்குக் கனடா இருக்கிறது, மச்சாள் இருக்கிறா, மேடை இருக்கிறது. எனக்கு அப்பு மட்டும். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன், சோறு குழைத்துக் கொடுக்கிறேன். அதையும் எடுக்காதீர்கள். வானொலியில் என் பேர் வந்தால் இனி உங்கள் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன்.

மாக்கிறேற்


ஸ்காபரோ
18.3.2003

அன்புத் தங்கச்சி,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சுகம் விசாரிக்கவும் எனக்கு முகமில்லை.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நிகழ்ச்சி ஒலிப்பதிவு ஒன்பதாம் திகதி முடிந்துவிட்டது. உன்னிடமிருந்து பதில் வரவில்லை, வசீகரன் நாள் குறித்துவிட்டான். மௌனம் சம்மதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டேன் மாக்கிறேற். பாட்டை எழுதியது என் தங்கச்சி, குறியைப் பாட்டில் வைத்தது அவள், பழியை ஏற்றது நான் என்று முழுதும் சொல்லிவிட்டேன். சில்வெஸ்ரர் பேர் வரவில்லை, எனக்கே தெரியாதே.

எட்டு நாள். ஒரு கிழமை பொறுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

நீ சொன்னது சரி. பேர் ஆசைதான். அப்போதும் அதுதான், இப்போதும் அதுதான் போல. கொழும்புக்கு அனுப்பும்போது உன்னைக் கேட்கவேணும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. இவ்வளவு காலமும் நான் உனக்காகச் சிலுவை சுமந்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சுகந்திக்கும் சொன்னேன். "அப்ப நான் இருபத்தைஞ்சு வருசமா ஆற்றையோ மச்சானுக்கு எழுதின பாட்டுக்கோ வெட்கப்பட்டனான்?" என்றாள். ஒரு கிழமையாக அவள் சமைக்கிறதில் உப்பில்லை. நான் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கே போய் நிறுத்தச் சொல்வேன். ஆனால் ஒலிநாடாவின் பிரதி கொழும்புக்குப் போய்விட்டது. நிற்குமோ தெரியாது. ஜூன் முதலாம் திகதி, ஞாயிறு, பின்னேரம் நான்கு மணி. அப்பு வானொலி கேட்கிறவர். யாரோ ஒரு குரல் சொல்லி அவர் அறியக்கூடாது. அதற்கு முதல் நீ சொல்லிவிடு. காலில் விழுந்து கேட்கிறேன்.

அண்ணன்


நெடுந்தீவு
26.4.2003

அண்ணைக்கு,

கடிதம் பெரிய வியாழனன்று வந்தது. நாலு நாள் கோயிலில் முழங்காலில் நின்றேன். உங்களுக்காக மன்றாடவில்லை.

முதலில் வானொலியை உடைப்போம் என்று யோசித்தேன். கண் தெரியாத மனுசனுக்கு அதுதான் கண். பற்றரியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அன்றைக்கே அப்பு அஞ்சலாவைக் கடைக்கு அனுப்பிப் புதுசு வாங்குவித்தார். அவள் பானையில் கைவைத்துப் பழையதையும் கண்டுபிடித்து, "அம்மா, ஏன் பற்றரியை அவிக்கப் போறியள்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள்.

ஒவ்வொரு நாளும் சொல்லப் போகிறேன். சோறு குழைக்கும்போது சொல்வோம் என்று இருப்பேன். அவர் வாயைத் திறந்து காத்திருப்பார், குருவிக்குஞ்சு மாதிரி. எப்படிச் சொல்ல? "பிள்ளை, உப்புக் கொஞ்சம்" என்பார். உப்பைப் போட்டுவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

இன்னும் முப்பத்தாறு நாள் கிடக்கிறது.

மாக்கிறேற்


ஸ்காபரோ
10.5.2003

அன்புத் தங்கச்சி,

சுகமாயிரு. சுருக்கமாக எழுதுகிறேன், இது உன் கைக்குக் கிடைக்கிறபோது நாள் இருக்காது.

இங்கே வசீகரன் உன் பேரை வெட்டிவிட்டான். கொழும்பில் முடியாதாம். நாடா போட்டபடி போகும்.

சொன்னாயா? எழுது. சொல்லவில்லை என்றாலும் எழுது.

அண்ணன்


நெடுந்தீவு
4.6.2003

மகன் அமலதாசுக்கு அப்பு யாக்கோப்பு சொல்லி, பேத்தி அஞ்சலா எழுதுறது.

மோனை, சுகமா இருக்கிறியோ? உன்ர பெண்சாதி சுகமோ? நான் சுகம். கண் மட்டும்தான் இல்லை, பல்லு அஞ்சு கிடக்கு.

ஞாயிற்றுக்கிழமை உன்ர குரலைக் கேட்டனான். குரல் தடிச்சுப்போச்சு. நான் நினைச்சுக்கொண்டிருந்தது இருபத்திரண்டு வயசுப் பொடியன்ர குரலை. ஆரோ கிழவன் கதைக்கிறான் எண்டுதான் முதல் நினைச்சனான். பிறகு நீ இருமினாய். அந்த இருமல் என்ர தகப்பன்ர இருமல்.

பாட்டையும் முழுக்கக் கேட்டனான். இவ்வளவு காலமும் முதல் சொல் வர றேடியோவை மூடிப்போடுறனான். மெட்டு நல்லம். அம்பாவைக் களவெடுத்திருக்கிறாய், பரவாயில்லை.

நான் உன்னை விசாரிக்கேல்லை. எறிஞ்சுபோட்டன். நீ ஏன்டா ஒரு சொல்லுச் சொல்லேல்லை? சொன்னாலும் கேட்டிருக்கமாட்டன், அதுவும் உண்மைதான். கொம்மா சாகேக்குள்ள உன்ர பேரைச் சொன்னவ. நான் எழும்பி வெளியில போனனான். அதை நினைக்க நெஞ்சு வலிக்குது. பிழை என்னில மோனை.

பன்னிரண்டு வருசமா நேவி ஒருத்தரையும் அந்தப் பக்கம் விடேல்லை. வலை படாத கற்பாரில மீன் திரும்பியிருக்கும். ஆவணி பதினைஞ்சு மாதா பெருநாளுக்கு வா. நான் செத்தாப்பிறகு வந்து மாலை போடவேண்டாம், இப்ப வா.

அப்பு

(மாமா, இது நான் அஞ்சலா. அப்பு சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அம்மாவைப் பற்றி ஏதும் எழுதவா என்று கேட்டேன். "வீட்டில இருக்கிறவவைப் பற்றி ஒண்டும் எழுதவேண்டாம்" என்கிறார்.)


யேசு மரி சூசை துணை

நெடுந்தீவு
8.6.2003

அன்புள்ள அண்ணைக்கு,

அப்புவின் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். அஞ்சலா அதை ஒட்டித் தானே கொண்டுபோய்ப் போட்டாள். நான் வாசிக்கவில்லை. நல்ல கடிதமாகத்தான் இருக்கும். சொல்லும்போது அப்பு சிரித்ததைக் குசினிக்குள் இருந்து கேட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் சொன்னேன், நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் மிச்சமிருக்க. மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் கதிரையில் இருந்தார். கையில் வேலை இருந்தபடியால் வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதினது, ஏன் எழுதினது, இவருக்கு எழுதினது, எல்லாம். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம் அப்பு. குறி எண்டு தெரிஞ்சுதான் வலை போடப் போனவர்."

எழும்பிச் சுவரைத் தடவித் தடவி உள்ளே போனார். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். ஞாயிறு நிகழ்ச்சியைக் காதோடு வைத்துக் கேட்டார். முடிந்ததும், "அஞ்சலா, உன்ர மாமன்ர விலாசத்தை எடு" என்றார்.

அதோடு என்னுடன் பேச்சில்லை. நான் குழைத்த சோறு வேண்டாம். அஞ்சலா கொடுத்தால் சாப்பிடுகிறார். தண்ணீர் வேணும் என்றால், நான் பக்கத்தில் நிற்க, "அஞ்சலா" என்று கூப்பிடுகிறார். அவள் பள்ளிக்கூடம் போனால் பின்னேரம்வரை தாகத்தோடு இருக்கிறார். அவள் சண்டை பிடித்தாள். அவர் சொன்னாராம்: "களவெடுத்தவனை மன்னிக்கலாம், அவன் பசியில எடுத்தவன். பழியை ஏத்தவனுக்கு நான்தான் கடன்காரன். பக்கத்தில இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டு சோறு குழைச்சுத் தந்தவளை ஏலாது."

அது சரிதான் அண்ணை. எனக்கு அவரோடு கோபமில்லை.

உங்களுக்கு இருபத்தொன்பது வருஷம் எப்படிப் போனது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெளிநாட்டில் இருக்கிறார், நன்றாய் இருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஒன்பது நாள்தான் போயிருக்கிறது. தாங்க ஏலாமல் இருக்கிறது.

நீங்கள் வாருங்கள். அவர் சந்தோசமாயிருக்கிறார். என்னைப் பார்க்க வேண்டாம்.

மாக்கிறேற்


ஸ்காபரோ
2.7.2003

அன்புள்ள அப்புவுக்கு,

உங்கள் மகன் அமலதாஸ் வணக்கமாய் எழுதுவது. நான் சுகம். உங்கள் மருமகளும் சுகம், உங்களுக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தை எத்தனைதரம் வாசித்தேன் என்று தெரியாது. வேலைக்குப் போகும்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நான் சாகமுதல் இப்படி ஒரு கடிதம் வரும் என்று நம்பவில்லை.

ரிக்கற் எடுத்துவிட்டேன். ஆவணி பன்னிரண்டாம் திகதி குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறி, மத்தியானத்துக்குள் மாவிலித்துறைக்கு வருவேன்.

ஒரு விசயம் அப்பு. குசினிக்குள் அவளுக்குக் குறி சொல்லிக்கொடுத்தவன் நான். கேட்காமல் கொழும்புக்கு அனுப்பினவன் நான். இப்போதும் கேட்காமல் வானொலியில் சொன்னவன் நான். அவள் பயந்து பேசாமல் இருந்தாள், பிழைதான். ஆனால் அந்தப் பயத்தோடு அம்மாவைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். நான் இங்கே இருந்து பாட்டுப் பாடினேன். என்னை மன்னிக்கிறீர்கள், அவளை மன்னிக்க ஏலாது என்றால், எனக்கு அது வேண்டாம்.

லோஞ்ச் வந்து அணையும்போது உங்கள் பக்கத்தில் மாக்கிறேற் நிற்கவேணும். அவளைக் காணாவிட்டால் நான் இறங்கமாட்டேன். அதே லோஞ்சில் திரும்பிப் போவேன். நானும் உங்கள் பிள்ளைதான் அப்பு. பேசாமல் இருக்க எனக்கும் தெரியும்.

கோபிக்க வேண்டாம்.

உங்கள் மகன்
அமலதாஸ்


யேசு மரி சூசை துணை

நெடுந்தீவு
2.8.2003

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் பிளேன் ஏறமுதல் இது கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டாலும் எழுதாமல் இருக்க ஏலவில்லை.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அஞ்சலா அப்புவுக்கு வாசித்தாள், வேண்டுமென்றே உரத்து வாசித்தாள். எனக்கு உங்களோடு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. யார் உங்களை வழக்காடச் சொன்னது? மனுசன் அசையாவிட்டால், இவ்வளவு தூரம் வந்து கரையைப் பார்த்துவிட்டா திரும்பப்போகிறீர்கள்? அப்புவின் வாழ்நாளில் இன்னொருதரம் வர முடியுமா? எல்லாம் என்னால் என்றல்லவா ஆகும். உங்களுக்கு எப்போதும் பொறுக்கத் தெரியாது.

அப்பு கடிதத்தை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். செவ்வாய் கரைக்குப் போகவில்லை. புதன் சாப்பிடவில்லை. வியாழன் அஞ்சலாவிடம், "அவன் சொன்னாச் செய்வான், என்ன?" என்று கேட்டாராம். "செய்வார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இவள் மாமனைக் கண்ணாலும் கண்டதில்லை.

நேற்றுப் பின்னேரம் நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலா கிணற்றடியில். அப்பு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றார். கூப்பிடவில்லை, பேர் சொல்லவில்லை. தொங்கின சீலையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன நிறம்?"

யாரைக் கேட்கிறார் என்று சுற்றிப் பார்த்தேன். வேறு ஒருத்தரும் இல்லை.

"வெள்ளை, அப்பு."

"பன்னிரண்டாம் திகதி இதை உடுக்காதை. மத்தியான வெய்யிலுக்குத் துறையெல்லாம் வெள்ளையாக் கிடக்கும். நீ நிக்கிறது அவனுக்குத் தெரியாது, திரும்பிப் போயிடுவான். தூரத்திலயே தெரியிற நிறமா ஒண்டு உடு. எனக்கும் தெரியவேணும், நீ பக்கத்தில நிக்கிறாய் எண்டு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இந்த நேரம்வரை ஒரு சொல்லும் இல்லை. நான் கொடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று அஞ்சலாவைத்தான் கேட்கவேணும்.

இவர் போன பிறகு நான் நிறம் உடுத்ததில்லை. ஊர் ஏதும் சொல்லும், சொல்லட்டும். அலுமாரியின் அடியில் ஒரு சிவப்புச் சீலை கிடக்கிறது. எடுத்து வெய்யிலில் போட்டிருக்கிறேன்.

லோஞ்சில் முன்பக்கம் நில்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
மாக்கிறேற்